மறு: தலைப்பில் 'இஸ்' பெரியதா, சின்னதா?

வணக்கம் சார். கோத்தகிரி ஹோம்ஸ்டே நோட்டீஸுக்கு "வை இட் இஸ் குட் டு வேக் அப் வித் த மிஸ்ட்" என்று தலைப்பு கொடுத்தீர்கள்; அச்சகத்துக்காரர் ரெண்டெழுத்து வார்த்தை எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் அடித்துவிட்டார், சரியா என்று கேட்டீர்கள்.

சரியில்லை. நீளத்தை மட்டும் பார்க்கக் கூடாது, அந்த வார்த்தை அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்க்கணும். 'இஸ்' வினைச்சொல், 'இட்' பிரதிப்பெயர். ரெண்டுக்கும் முதலெழுத்து கேப்பிடல்தான். 'த' சின்னது; 'டு'வும் பெரும்பாலான முறைகளில் சின்னதுதான். 'அப்' தான் ஆளை ஏமாற்றும். 'வேக் அப்' என்பதில் அது வினையோடு ஒட்டியது, அதனால் கேப்பிடல். அடுத்த பக்கத்தில் "எ ட்ரெயின் அப் த ஹில்" என்று போட்டிருக்கிறீர்களே, அங்கே அதே 'அப்' வெறும் முன்னிடைச்சொல், சின்னது போதும். ஆனால் அந்த 'எ' தலைப்பின் முதல் வார்த்தை. ஒற்றை எழுத்தானாலும் கேப்பிடல்.

'வித்' விஷயத்தில் கட்சி பிரிந்து நிற்கிறார்கள். ஏபி (அமெரிக்கச் செய்தி நிறுவனம்), ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) எழுத்து நடைக் கையேடுகளின் முறைகளில் நாலெழுத்து வந்தாலே கேப்பிடல். சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் கையேட்டு முறையில் சின்னது. அந்தக் கையேட்டின் 2024இல் வந்த 18ஆம் பதிப்பிலும் அஞ்செழுத்து முதல்தான் கேப்பிடல். எதையாவது ஒன்றைப் பிடித்து நோட்டீஸ் முழுக்க அதையே வையுங்கள்.

நானாக இருந்தால் முதல் வார்த்தைக்கும் 'நீலகிரி மவுண்டன் ரயில்வே' போன்ற பெயர்களுக்கும் மட்டும் கேப்பிடல் போட்டுவிட்டுப் போய்விடுவேன். அதுவும் ஏற்ற முறைதான். அச்சகத்தில் சண்டையும் மிச்சம்.