நன்கொடைப் பட்டியலில் முதல் பெயர் யாருடையது?

கேள்வி: எங்கள் சங்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் நடத்துகிறது. செயலவையில் 11 பேர். நன்கொடை கேட்டுப் போன இடத்தில் ஒரு கடைக்காரர், "உங்க செயலவையில எத்தனை பேர் கொடுத்திருக்கீங்க?" என்று கேட்டார். மூன்று பேர்தான். மற்றவர்களிடம் மனம் நோகாமல் எப்படிக் கேட்பது?
– சங்கத் தலைவர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: கடைக்காரர் கேட்டது நியாயம். வெளியார் பார்ப்பது தொகையை அல்ல, தலைக்கணக்கை. ஒருவர் மட்டும் 5,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுப்பதைவிட, 11 பேரும் கொடுத்தார்கள் என்பதே நம்பிக்கை தரும். ஆகவே 'ஆளுக்கு 500 வெள்ளி' என்று தீர்மானம் போட்டுவிடாதீர்கள். லோரி வைத்துத் தொழில் செய்பவருக்கு அது சிறு தொகை. பால்மரம் வெட்டி ஓய்ந்த பெரியவருக்கு அது ஒரு மாதச் சாப்பாடு. முடியாது என்று அவர் வாய்திறந்து சொல்லமாட்டார். அடுத்த கூட்டத்துக்கு வராமல் இருந்துவிடுவார். எந்தப் பிள்ளை எந்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கிறது என்று அறிந்த ஆளை அப்படித்தான் இழக்கிறோம். உங்கள் ஊர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகத்தான் கட்டினார்கள். அது பங்குப் பணம், நன்கொடை அல்ல; ஆனாலும் சிறு தொகையின் பலம் உங்கள் ஊருக்குப் புதிதல்ல.

முதலில் நீங்களும் பொருளாளரும் கொடுத்து ரசீது வாங்குங்கள். பிறகு ஒவ்வொருவரையும் வீட்டில் போய்த் தனியாகப் பாருங்கள். கூட்டத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ கேட்டால், முதல் ஆள் ஐம்பது என்றதும் எல்லாரும் ஐம்பதிலேயே நின்றுவிடுவார்கள். போகும்போது இந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தையும் கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கையும் எடுத்துச் செல்லுங்கள். அந்த ஆளின் வசதிக்கேற்ற தொகையை முன்பே யோசித்து வைத்து, செலவோடு சேர்த்துக் கேளுங்கள்: "அண்ணே, ஓர் ஆசிரியருக்கு மாசம் 400 வெள்ளி கொடுக்கிறோம். அதுல 50 வெள்ளிய ஒரு வருசத்துக்கு நீங்க ஏத்துக்க முடியுமா?" கேட்டதும் பேச்சை நிறுத்துங்கள். பலரும் இங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள். கூச்சத்தில், "இல்லாட்டி பத்து வெள்ளியும் போதும்ணே" என்று தாங்களே இறக்கிவிடுகிறார்கள்.

ஒப்புக்கொண்டால் தொகை, தொடங்கும் மாதம், முடியும் மாதம் மூன்றையும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாதாமாதம் பணம் தானாகப் போக வங்கியில் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். வாய்வார்த்தை மூன்றாம் மாதமே மறந்துபோகும். யார் எவ்வளவு என்பது உங்களுக்கும் பொருளாளருக்கும் கணக்காய்வாளருக்கும் தெரிந்தால் போதும். வெளியே, "செயலவையினர் 11 பேரும் கொடுத்துள்ளனர்" என்று மட்டும் சொல்லுங்கள்.

தயங்குகிறவரை வற்புறுத்த வேண்டாம், காரணத்தைக் கேளுங்கள். போன ஆண்டு கொடுத்ததற்கு ரசீது வரவில்லை, கணக்கு காட்டவில்லை என்ற மனத்தாங்கல் பல இடங்களில் உள்ளே இருக்கும். அதைச் சரிசெய்யாமல் மறுபடி கேட்பது தவறு. உண்மையிலேயே கஷ்டம் என்றால் ஐந்து வெள்ளியானாலும் மனமார வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: "நேரம் கொடுக்கிறேன், பெட்ரோல் போடுகிறேன், அது போதாதா?" என்கிறார் ஒருவர். வரிவிலக்கு உண்டா என்றும் கேட்கிறார்.

பதில்: நேரத்துக்கு நன்றி சொல்லிக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள், நன்கொடைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெட்ரோல் செலவை ரசீது வாங்கிக்கொண்டு சங்கம் கொடுத்துவிடட்டும். விருப்பமிருந்தால் அவர் அதையே நன்கொடையாகத் திருப்பித் தரலாம். செலவும் வரவும் இரண்டும் கணக்கில் நிற்கும். ஆண்டுச் சந்தாவும் நன்கொடை ஆகாது.

வரிக்கழிவுக்குச் சங்கப் பதிவு மட்டும் போதாது. 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்கீழ் தனி அங்கீகாரம் வேண்டும். அது இருந்தால், தனியாள் தம் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். இல்லாதபோது ரசீதில் 'வரிவிலக்கு உண்டு' என்று அச்சடித்தால், அதை நம்பிக் கணக்குக் காட்டியவர்தான் மாட்டிக்கொள்வார்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வேட்புமனு வாங்கும் முன்பே, செயலவைக்கு வருகிறவர் தம்மால் இயன்றதைக் கொடுப்பது வழக்கம் என்று அறிவித்துவிடுங்கள்.