கஞ்சா வாசம் எப்படி இருக்கும்? ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்களே, ஏன்?

விடுதியில் பக்கத்து அறையிலிருந்து வரும் வாசத்தை ஒருவர் கஞ்சா என்கிறார், இன்னொருவர் இல்லவே இல்லை என்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கஞ்சாவைத் தொட்டதில்லை. ஆனால் மூக்குதான் என் பிழைப்பு. மிளகு, ஏலம், கிராம்பு எண்ணெய் எடுக்கும் ஆலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்துபோக முடியவில்லை.

போன வருடம் செப்டம்பர் கடைசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு டொரண்டோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. ஒன்டாரியோ மாகாணத்தில் 19 வயது ஆனவர்கள் வாங்கலாம், ஒரு வீட்டில் நான்கு செடி வரை வளர்க்கலாம். அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் பால்கனியில் தொட்டி வைத்து வளர்த்திருந்தார். பகல் நேரம் குறையும்போதுதான் அந்தச் செடி பூக்கும். நாங்கள் போனது சரியாகப் பூ முற்றும் நேரம். பால்கனிக் கதவைத் திறந்தாலே வீடு முழுக்க வாசம்.

முதல் நாளே அம்மா சொன்னார்: "மாங்காயக் காம்போட ஒடிச்சா பால் பீய்ச்சுமே, அந்த வாசம்டா இது." அக்காவோ, "என்ன வாசம்? நாத்தம்னு சொல்லும்மா. வேர்த்த சட்டைய ஈரத்தோட மூட்டை கட்டி வச்ச மாதிரி" என்றாள். அங்கேயே பிறந்து வளர்ந்த அக்கா மகனுக்குச் சந்தேகமே இல்லை: "ஸ்கங்க்." நாற்றத் திரவம் பீய்ச்சும் ஒரு பிராணி அது. எனக்கு முதலில் தட்டியது மிளகு எண்ணெய். வடித்து இறக்கிய புது மிளகு எண்ணெயில் மரச்சீவலும் எலுமிச்சைத் தோலும் கலந்த மாதிரி ஒரு முனை இருக்கும், அது.

நான்கு பேரில் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. பெண் செடியின் பூவில் கண்ணுக்கு மாவு பூத்த மாதிரி தெரிவதெல்லாம் மிக நுண்ணிய சுரப்பி மயிர்கள். ஒவ்வொன்றும் குண்டூசி போல, தலையில் ஒரு பிசின் துளியோடு நிற்கும். விரலால் லேசாகத் தேய்த்தாலே உடைந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிசினில்தான் டெர்பீன்கள் என்ற வாசனைப் பொருள்கள் கூட்டமாக இருக்கின்றன. மிர்சீன், பைனீன், லிமொனீன், காரியோஃபிலீன் என்று நான் தினமும் கருவியில் பார்க்கும் பெயர்கள்தான். மிர்சீன் சில மாங்காய் ரகங்களின் பாலில் நிறைய உண்டு. காரியோஃபிலீன் மிளகிலும் கிராம்பிலும் உண்டு. லிமொனீன் ஆரஞ்சுத் தோல். ஒரு ரகத்தில் ஒன்று தூக்கலாக இருக்கும், அடுத்த ரகத்தில் வேறொன்று. அம்மா பிடித்ததும் நான் பிடித்ததும் அந்தக் கலவையின் வெவ்வேறு நூல்களை.

அக்கா மகன் பிடித்தது டெர்பீனே அல்ல, கந்தகம். ப்ரீனைல் தயால் என்ற கந்தகச் சேர்மம்தான் அந்த முடைநாற்றத்துக்கு முக்கியக் காரணம் என்று 2021-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. டெர்பீனோடு ஒப்பிட்டால் அது இருப்பது துளியிலும் துளி. ஆனாலும் மூக்கு விடாது. வெயில் பட்ட பியர் நாறுவதற்கும் இதுவேதான் காரணம், பியரைப் பழுப்புக் குப்பியில் அடைப்பது அதனால்தான். ஸ்கங்க் என்ற பிராணி பீய்ச்சும் திரவத்தில் இருப்பவையும் இதற்கு நெருங்கிய உறவுக்காரச் சேர்மங்கள். அங்கே ராத்திரி குப்பைத்தொட்டிப் பக்கம் அது சாதாரணமாக வரும், பிள்ளைகளுக்கு அந்த நாற்றம் பழக்கம். நம் ஊரில் அந்தப் பிராணியே கிடையாது. ஆகவே இணையத்தில் 'ஸ்கங்க் வாசம்' என்று படித்துவிட்டு அதை வைத்துக் கஞ்சாவை அடையாளம் காண முயல்வது நமக்கு உதவாது. பெருங்காயத்திலும் பூண்டிலும் கந்தக வாசத்தோடு சமைத்துப் பழகிய அம்மாவுக்கு அந்த முடை பெரிதாக உறுத்தவே இல்லை என்பதையும் கவனித்தேன்.

இதற்கு மேல் மூக்கே ஆளுக்கு ஆள் வேறு. மூக்கில் வாசனையைப் பிடிக்கும் ஏற்பிகளின் மரபணுக்களை 1991-இல் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல். 2004-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். மனிதருக்கு வேலை செய்யும் ஏற்பிகள் சுமார் 400 வகை. எந்த இரண்டு பேரை எடுத்தாலும் அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேறுபட்டு வேலை செய்யும் என்று 2014-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்ட்ரோஸ்டீனோன் என்ற ஒரே பொருள் சிலருக்கு மூத்திர நாற்றம், சிலருக்கு இனிப்பு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. இதில் ஒரு மரபணுவின் மாறுபாட்டுக்குப் பங்கு உண்டு என்று 2007-இல் காட்டினார்கள். எங்கள் ஆலையிலும் புதிதாக மோந்து பார்க்க ஆள் எடுத்தால், எந்தெந்த வாசம் அவருக்கு எட்டவில்லை என்பதைத்தான் முதலில் பார்ப்போம்.

நினைவும் சேர்ந்துகொள்ளும். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் பற்றவைத்தார். புகை வேறு வாசம்: கயிறு கருகின மாதிரி, அடியில் ஒரு இனிப்பு. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுல சாமியாருங்க சிலும்பி இழுப்பாங்க. எங்க அப்பா தோள்ல உக்காந்து பாத்திருக்கேன்" என்றார். அவருக்கு அந்தப் புகையில் அறுபது வருடத்துக்கு முந்தைய திருவிழா இருந்தது. அக்காவுக்கு அதே புகையில் பதினாறு வயது மகனைப் பற்றிய பயம் இருந்தது. ஒரே வாசத்தை 'சீஸ்' என்று எழுதிக் கொடுத்தால் விரும்புவதும் 'வாந்தி' என்று எழுதிக் கொடுத்தால் முகம் சுளிப்பதும் 2001-இல் சோதனையிலேயே நிரூபிக்கப்பட்டது.

அந்தப் பயம் ஒரு நாள் வெடித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவனின் ஜாக்கெட்டில் அந்த வாசம். "எங்க போயிட்டு வர்ற? யாரோட சுத்துற?" என்று அக்கா கத்த, அவன், "எனக்கு ஒண்ணும் வாசமே வரலம்மா" என்றான். அதுதான் அவளுக்குப் பெரிய பொய்யாகப் பட்டது. எனக்கோ அதுதான் உண்மையாகத் தோன்றியது. ஒரு வாசத்திலேயே கொஞ்ச நேரம் நின்றால் மூக்கு அதைக் கைவிட்டுவிடும். எங்கள் வேலையில் நாலைந்து மாதிரிகளுக்கு ஒருமுறை வெளிக்காற்றுக்குப் போய் வருவதே அதற்காகத்தான்.

மறுநாள் நானே அவனைக் கூட்டிவரப் போனேன். அவன் பஸ் ஏறும் நிறுத்தத்தில் மூன்று பக்கமும் கண்ணாடி. உள்ளே ஒருவர் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தார், வெளியே குளிர்காற்று. இருபது நிமிடம் நின்றோம். வீட்டுக்கு வந்து அழைப்பு மணி அடித்தேன். கதவைத் திறந்த அக்கா ஒரு அடி பின்னால் போனாள். என் கம்பளி ஸ்வெட்டரை வாங்கி மோந்தாள், அப்புறம் அவன் ஜாக்கெட்டை. இரண்டையும் துணி துவைக்கும் இயந்திரத்தில் போட்டுவிட்டு வந்து அவன் தலையில் கை வைத்து, "சாப்புட வா ராசா" என்றாள்.

உங்கள் விடுதிக்கு வருகிறேன். போதை தரும் டி.எச்.சி.க்கு வாசமே கிடையாது. நாருக்காக வளர்க்கும், போதை இல்லாத கஞ்சாச் செடி வகையும் இதே வாசம்தான் அடிக்கும். அமெரிக்காவில் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றம் 2023-இல், கஞ்சா வாசம் வந்தது என்பதை மட்டுமே வைத்து ஒருவரின் காரைச் சோதனை போடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பதும் புகைப்பதும் குற்றம். புகார் போனால் ஒரு மாணவனின் படிப்பே நின்றுபோகலாம். வாசத்தை மட்டும் நம்பி வார்டனிடம் போகாதீர்கள். முதலில் கதவைத் தட்டி, "என்னப்பா, ஏதோ கருகின வாசம் வருதே" என்று அவனிடமே கேளுங்கள். மூலிகைக் கொசுவர்த்தியாகவும் இருக்கலாம். கஞ்சாவாகவே இருந்தாலும், அவனோடு முதலில் பேசியவர் நீங்களாக இருப்பது அவனுக்கு நல்லது.