கேளுங்க சொல்றோம்: பழைய அமிகாவுக்கு எந்த கார்டு?

கேள்வி: பழைய அமிகா 1200 (கமடோர் கம்பெனியோட ஹோம் கம்ப்யூட்டர்) ஒண்ணு வாங்கிட்டேன். ஸ்பீடு ஏத்தணும்னு ஆசை, ஆனா ஆக்சிலரேட்டர் (வேகமான ப்ராசஸர் இருக்கற கார்டு) விலையப் பாத்தா தலை சுத்துது. வெறும் மெமரி மட்டும் போட்டா போதுமா சார்?
– வாசகர், லண்டன்

பதில்: கேம் ஆடத்தான்னா தாராளமா போதும். 1992ல வந்த இந்த மெஷின்ல 14 மெகாஹெர்ட்ஸ் 68இசி020 ப்ராசஸர், 2 எம்பி சிப் ராம், அந்த 2 எம்பியையும் கிராபிக்ஸ் சிப்போட பங்கு போட்டுக்கணும்ங்கறதால ப்ராசஸர் பாதி நேரம் சும்மா காத்துட்டு நிக்கும், தனியா ஃபாஸ்ட் ராம் (ப்ராசஸர் மட்டும் யூஸ் பண்ற மெமரி) குடுத்துட்டா அதே ப்ராசஸர் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகத்துல ஓடும். மெமரி கார்ட மெஷினுக்கு அடில மூடி போட்டிருக்கற டிராப்டோர் ஸ்லாட்ல சொருகினா வேலை முடிஞ்சுது.

ஒரு விஷயம், பக்கவாட்டுல இருக்கற பிசிஎம்சிஐஏ ஸ்லாட்ட (சின்ன கார்டு சொருகற இடம்) யூஸ் பண்ணுவீங்கன்னா 8 எம்பி கார்டு வாங்காதீங்க, சாதாரண 8 எம்பி கார்டு அந்த ஸ்லாட்டோட மெமரி அட்ரஸையும் சேத்து எடுத்துக்கும், அப்புறம் ஸ்லாட்ட யூஸ் பண்ண முடியாது. 4 எம்பின்னா தொல்லை இல்ல.

டூம் மாதிரி 3டி கேம் ஆடணும், 3டி ரெண்டரிங் பண்ணணும்னா மட்டும் 50 மெகாஹெர்ட்ஸ் 68030 கார்டு பாருங்க. விக்கறவர்கிட்ட அது இசி030யான்னு (68030ஓட மலிவு வெர்ஷன்) கேளுங்க, அதுல எம்எம்யூ (மெமரிய நிர்வகிக்கற பகுதி) வேலை செய்யும்னு நம்ப முடியாது. அதவிட வேகமான 68060 கார்டு எல்லாம் காசு இருக்கற பைத்தியங்களுக்கு (நானும் அதுல சேர்த்திதான்).

எதுக்கும் முன்னாடி போர்டுல கெபாசிட்டர் லீக் ஆகுதான்னு பாத்துடுங்க, இந்த வயசுல பெரும்பாலும் ஆகும். மாத்தாம கார்டு போடறது வீண் செலவு.