வெல்டு பார்வைக்கு எப்படி இருக்க வேண்டும்? சில கேள்விகளும் பதில்களும்

"ஆர்டரில் 'வெல்டிங் நீட்டாக இருக்க வேண்டும்' என்று மட்டும் எழுதியிருந்தது. வேலையை முடித்துக் கொடுத்தால் ஆளுக்கொரு குறை சொல்கிறார்கள்." (பேட்டை, பட்டறை உரிமையாளர்)

'நீட்டு' என்பதற்கு அளவு கிடையாது. சண்டை அங்கேதான் தொடங்குகிறது. அடுத்த ஆர்டருக்கு, வேலை ஆரம்பிக்கும் முன்பே மாதிரித் துண்டு போட்டுவிடுங்கள். அதே பிளேட், அதே ராடு. தலைக்கு மேலே கைதூக்கிப் போட வேண்டிய வெல்டு என்றால் மாதிரியையும் அப்படியே போட வேண்டும். மேஜையில் வைத்துப் போட்ட பீடு (வெல்டு வரி) அழகாக வரத்தான் செய்யும்.

மூன்று துண்டு வேண்டும்: நல்லது ஒன்று, தள்ள வேண்டியது ஒன்று, 'இதுவரைக்கும் சரி' என்று எல்லை காட்டுவது ஒன்று. மூன்றாவதுதான் உங்களைக் காப்பாற்றும். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, துருப்பிடிக்காமல் வார்னிஷ் அடித்து மாட்டி வையுங்கள். போட்டோ போதாது, வெளிச்சம் விழும் கோணம் மாறினால் அண்டர்கட் (வெல்டு ஓரத்தில் பிளேட்டில் விழும் பள்ளம்) காணாமல் போய்விடும். ஆர்டரிலும் 'ஐ.எஸ்.ஓ. 5817, சி நிலை' என்பதுபோல ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வெல்டில் எவ்வளவு குறை விடலாம் என்று சொல்லும் சர்வதேசத் தரம் அது. அதில் பி (B), சி, டி என்று மூன்று நிலை, பி கடுமையானது.

"கடற்கரை வீடு. இரும்புப் படிக்கட்டில் வெல்டு போட்ட இடத்தில்தான் முதலில் பெயிண்ட் உரிகிறது." (உவரி)

உப்புக்காற்றை மட்டும் குறை சொல்ல முடியாது. கூரான முனையில் பெயிண்ட் நிற்காமல் வழிந்து மெலிந்துவிடும். துரு அங்கேதான் நுழையும். பெயிண்டுக்கு முந்தைய நிலைக்கென்றே ஐ.எஸ்.ஓ. 8501-3 என்ற தரம் இருக்கிறது. அதில் பி1 (P1) என்றால் உதிரும் ஸ்பேட்டர் (வெல்டு போடும்போது தெறித்து ஒட்டிய இரும்புத் துளி) போனால் போதும். பி2-வில் லேசாக ஒட்டியிருப்பதும் போக வேண்டும். பி3-யில் ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது, அண்டர்கட்டும் கூடாது. ஓரங்களை 2 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிட வேண்டும். உவரிக்கு நான் பி3-தான் கேட்பேன்.

பனியன் வேஸ்டை வெல்டு மேல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கும் இடமெல்லாம் நாளைக்குத் துருப்பிடிக்கும் இடம். அப்புறம், முழுப் பூச்சுக்கு முன்னால் வெல்டு மேல் மட்டும் பிரஷ்ஷால் ஒரு கை பூசுங்கள்.

"அண்டர்கட் எவ்வளவு வரை விடலாம்?" (வள்ளியூர், ஐ.டி.ஐ. மாணவர்)

தம்பி, சுமை எப்படி வருகிறது என்பதைப் பொறுத்தது. ஏ.டபிள்யூ.எஸ். (அமெரிக்க வெல்டிங் சங்கம்) டி1.1 விதிப்படி, நிலையான சுமை தாங்கும் 25 மி.மீ.க்குக் குறைந்த பிளேட்டில் பொதுவாக 1 மி.மீ. வரை. ஏறி இறங்கும் சுமை தாங்கும் முக்கிய உறுப்பில், இழுவிசைக்குக் குறுக்கே ஓடும் வெல்டானால் 0.25 மி.மீ.தான். உங்கள் ஊர்ப்பக்கம் நிற்கும் காற்றாலைகளைப் பாருங்கள். காற்று அடிக்க அடிக்க கோபுரம் வளைந்து நிமிர்ந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட சுமையில் சின்னப் பள்ளத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும். விரிசல் மட்டும் எந்த வேலையிலும் கூடாது.

"சோதிக்க எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?" (கங்கைகொண்டான்)

குறைந்தது 350 லக்ஸ். 500 இருந்தால் நல்லது. கண் 600 மி.மீ.க்குள், 30 டிகிரிக்குக் குறையாத கோணத்தில்.

"கிரைண்டர் போட்டு வழவழப்பாக்கினால் போதாதா?" (பாளையங்கோட்டை)

ஃபில்லட் வெல்டில் (இரண்டு துண்டு சேரும் மூலையில் போடுவது) வேண்டாம். தேய்க்கத் தேய்க்கத் தொண்டைக் கனம் (மூலையிலிருந்து வெல்டின் முகம் வரை உள்ள கனம்) குறையும், பலமும் போகும். தேய்த்த இரும்பு இழுபட்டுச் சின்ன ஓட்டையை மூடிவிடுவதும் உண்டு. ஒரு மாடிப்படிக் கைப்பிடியில் வழவழப்பான மூட்டு ஒன்றைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பட்டி வைத்து அடைத்திருந்தார்கள். பிள்ளைகள் சாய்ந்து நிற்கும் கைப்பிடி அது. அன்றைக்கே அறுத்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன்.