கொடி சுற்றியிருந்தால் சிசேரியன்தானா?

கேள்வி: முதல் பிரசவம், 36 வாரம். குழந்தையின் கழுத்தில் கொடி ஒரு சுற்று சுற்றியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. 'எதற்கு ரிஸ்க், சிசேரியன் செய்துவிடலாம்' என்கிறார்கள். தேவையில்லாமலே சிசேரியன் செய்வது கூடிவிட்டது என்கிறார்களே, உண்மையா?

பதில்: வேறு சிக்கல் எதுவும் இல்லையென்றால், கொடி ஒரு சுற்று சுற்றியிருப்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தை இப்படித்தான் பிறக்கிறது. கழுத்து இறுகி மூச்சு முட்டுமே என்று பயப்படாதீர்கள். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை தொண்டை வழியாக மூச்சு விடுவதில்லை; அதற்கு வேண்டிய ஆக்சிஜன் கொடியின் ரத்தத்தில்தான் வருகிறது. அந்த ரத்தக்குழாய்கள் நசுங்காதபடி கூழ் போன்ற ஒரு பொருள் சுற்றிலும் காக்கிறது. பிரசவத்தில் தலை வெளிவந்ததும் பெரும்பாலும் கொடியை விரலால் கழற்றிவிடலாம். வலியின்போது கொடி அழுந்தினால் குழந்தையின் இதயத் துடிப்பே காட்டிக்கொடுக்கும். முடிவெடுக்க வேண்டிய நேரம் அதுதான்.

நீங்கள் கேள்விப்பட்டதும் உண்மைதான். 1990-ஐ ஒட்டி உலகில் சுமார் 7 சதவீதமாக இருந்த சிசேரியன், 2021-ல் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 21 சதவீதம். ஒரு மக்கள்தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு தாய், சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று 2015-ல் அதே நிறுவனம் சொன்னது. ஆனால் இது ஊர்க்கணக்கு. உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை இது சொல்லாது. நஞ்சு (பிளசென்டா) கர்ப்பவாயை மூடியிருந்தாலோ, குழந்தை குறுக்கே கிடந்தாலோ சிசேரியன்தான் உயிர் காக்கும். அப்போது தயங்கவே கூடாது.

தேவையில்லாத சிசேரியன் நடக்கும் ஒரு கட்டம் வலியின் தொடக்கம். கர்ப்பவாய் 5 செ.மீ. திறக்கும் முன்பே 'வலி முன்னேறவில்லை' என்று சில நேரம் ஆபரேஷனுக்கு அழைத்துப்போகிறார்கள். முதல் பிரசவத்தில் அதுவரை மெதுவாகத்தான் போகும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், முதல் தழும்பு அடுத்த கர்ப்பத்தையும் தொடர்கிறது: நஞ்சு தழும்பில் ஆழமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஒவ்வொரு சிசேரியனுக்கும் கூடும்.

அடுத்த செக்கப்பில் இப்படிக் கேளுங்கள்: "கொடி தவிர வேறு காரணம் உண்டா? தானாக வலி வரும்வரை காத்திருந்தால் என்ன ஆபத்து?" தெளிவான பதில் இல்லையென்றால் இன்னொரு மகப்பேறு மருத்துவரிடம் ரிப்போர்ட்டுகளைக் காட்டுங்கள். சரியான காரணம் இருந்து தேதி குறித்தாலும், அவசரம் இல்லாவிட்டால் 39 வாரம் முடியட்டும். அதற்கு முன் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம். இடையில் குழந்தையின் அசைவு குறைந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.