லைஃபை வாங்கினால் கதிர்வீச்சு போய்விடுமா?

கேள்வி: வளைகாப்பு முடிந்து மகளை வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறோம். அவள் படுக்கும் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் வைஃபை ரூட்டர். "வைஃபை கதிர்வீச்சு வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, ஒளி வழியாக இன்டர்நெட் தரும் லைஃபை போடுங்கள், அது வெறும் வெளிச்சம்தான்" என்கிறார் ஒரு விற்பனையாளர். விலையோ அதிகம். வாங்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: உடல்நலத்துக்காக என்றால் வேண்டாம்.

வெளிச்சமும் கதிர்வீச்சுதான். அதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். ரேடியோ அலையும் ஒளியும் ஒரே குடும்பம். அதிர்வெண்ணில் பார்த்தால் ஒளிதான் வைஃபையைவிடப் பல்லாயிரம் மடங்கு மேலே இருக்கிறது. அதற்காக விளக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். எக்ஸ்ரேயைப் போல மரபணுவை உடைக்கும் வலு இரண்டுக்குமே கிடையாது.

ரூட்டர் கணக்கைப் பார்ப்போம். அது 100 மில்லிவாட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் உடலில் படுவது சதுர மீட்டருக்குச் சுமார் 0.008 வாட். பொதுமக்களுக்குச் சர்வதேச வரம்பு 10 வாட். தூரம் இரு மடங்கானால் உடலில் படுவதும் கால் பங்காகிவிடும். நடுவில் சுவர் வேறு இருக்கிறது. உங்கள் மகள் காதில் வைத்துப் பேசும் செல்போன் இதைவிட நெருக்கம்.

"புற்றுநோய் வரலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறதே" என்று விற்பனையாளர் அடுத்துக் கேட்பார். அதன் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ரேடியோ அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற '2பி' பிரிவில் வைத்தது உண்மை. செல்போனை மிக அதிகமாகப் பயன்படுத்தியவர்கள் பற்றிய, முடிவாகாத ஆய்வுகள்தான் அதற்கு முக்கிய ஆதாரம். அதே பிரிவில் கற்றாழை முழு இலைச் சாறும் இருக்கிறது!

சரி, லைஃபை? 2011இல் எடின்பரோ பேராசிரியர் ஹரால்ட் ஹாஸ் மேசை விளக்கு ஒன்றின் ஒளியில் வீடியோ ஓட்டிக் காட்டியபோது பிரபலமான நுட்பம் இது. எல்இடியை நொடிக்குப் பல லட்சம் முறை கூட்டிக் குறைத்துத் தகவல் அனுப்புவார்கள். கண்ணுக்கு அந்தத் துடிப்பு தெரியாது. 2023இல் வந்த தரநிலை அகச்சிவப்பு ஒளியைத்தான் பயன்படுத்துகிறது, டிவி ரிமோட்டில் இருப்பதன் உறவு. கவனிக்க வேண்டியது கண்ணை. கண்ணுக்குத் தெரியாத ஒளி கூசாது, இமையும் தானாக மூடாது. அதனால்தான் விளக்குகளுக்கு ஐஇசி 62471 என்ற ஒளிப் பாதுகாப்புச் சோதனை உண்டு. அதில் தேறியிருந்தால் கவலை வேண்டாம். சான்றிதழைக் கேளுங்கள்.

இன்னொன்று. சாதாரண செல்போனில் லைஃபை சிக்னலைப் பெறும் வசதி இல்லை. லேப்டாப்புக்கும் டாங்கிள் என்ற சிறு கருவியைத் தனியாகச் செருக வேண்டும். ஆக, மகளின் போனுக்காக வைஃபையோ மொபைல் டேட்டாவோ ஓடிக்கொண்டேதான் இருக்கும். அப்புறம் எந்தக் கதிர்வீச்சைக் குறைத்தோம்? லைஃபைக்கு வேறு நல்ல இடங்கள் உண்டு. ரேடியோ அலை இடைஞ்சல் தரும் ஆலைகள், ஒளி சுவரைத் தாண்டாது என்பதால், சிக்னல் வெளியே கசியக் கூடாத அலுவலகங்கள்.

மனது கேட்கவில்லையென்றால் ரூட்டரை ஹாலுக்கு மாற்றுங்கள், இரவில் அணைத்துவிடுங்கள். செலவில்லை. விற்பனையாளர் மறுபடி வந்தால் கருவியை ஹாலில் மாட்டச் சொல்லி, படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இன்டர்நெட் வருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள்.