ஆற்று வண்டலில் கழிவுநீரின் தடயம்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

ஆற்றில் கழிவுநீர் எங்கே கலந்தது, எப்போது கலந்தது என்பதை அடியில் படிந்த வண்டலிலுள்ள வேதிப்பொருள்களை வைத்துக் கண்டுபிடிப்பது என் துறை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒற்றை எண்ணை வைத்து யார் மீதும் குற்றம் சாட்டாதீர்கள். கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் வரும்.

கேள்வி: வணக்கம் மேடம். தண்ணீரைப் பிடித்துச் சோதித்தாலே போதுமே, எதற்குச் சேற்றைத் தோண்ட வேண்டும்?

காலை பத்து மணிக்குப் பிடித்த ஒரு பாட்டில் தண்ணீர் அந்தப் பத்து மணியைப் பற்றி மட்டும்தான் பேசும். இரவில் திறந்துவிட்டு விடிவதற்குள் மூடிவிட்டால், பகலில் எடுத்த நீர் மாதிரியில் எதுவும் சிக்காது. கழிவுநீரில் வரும் கொழுப்புத் தன்மையுள்ள பொருள்கள் தண்ணீரில் அதிகம் கரைவதில்லை. களிமண் துகளிலும் மட்கிய பொருளிலும் ஒட்டிக்கொண்டு, நீரோட்டம் தளரும் இடத்தில் அடியில் போய்த் தங்கிவிடும். அதனால் மேல்படிவில் நாம் பார்ப்பது பல வாரங்கள், மாதங்களாகச் சேர்ந்தது.

ஈ.கோலை என்ற குடல் கிருமியின் எண்ணிக்கை இருக்கிறதே என்பீர்கள். அது வேண்டும்தான். ஆனால் அந்தக் கிருமி வெயிலிலும் குளோரினிலும் செத்துவிடும். வெப்பமான பகுதிகளில் மண்ணிலேயே பெருகவும் செய்யும். எண்ணிக்கை குறைந்தாலும் சரி, கூடினாலும் சரி, அதை மட்டும் நம்பினால் ஏமாறலாம்.

கேள்வி: நான் முதுகலை மாணவி. ஒரே ஒரு பொருளைத்தான் அளக்க முடியும் என்றால் எதை அளப்பீர்கள்?

கொப்ரோஸ்டெனால், யோசிக்கவே வேண்டாம். நம் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் கொலஸ்ட்ராலை மாற்றி இதை உண்டாக்குகின்றன. மனித மலத்திலுள்ள ஸ்டெரால்களில், அதாவது கொலஸ்ட்ரால் வகைக் கொழுப்புப் பொருள்களில், ஏறத்தாழ 60 சதவீதம் இதுதான். ஆற்று மண்ணிலும் பாக்டீரியாக்கள் கொலஸ்ட்ராலை மாற்றும், ஆனால் அங்கே பெரும்பாலும் உண்டாவது கொலஸ்டெனால். இரண்டும் ஒரே அணுக்கள், ஒரே எடை. ஒரு ஹைட்ரஜன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். அந்த ஒரு ஹைட்ரஜன் "இது குடல் வழியாக வந்தது" என்று சொல்லிவிடுகிறது!

ஆகவே இரண்டையும் சேர்த்தே அளந்துவிடுங்கள், கருவியின் ஒரே ஓட்டத்தில் இரண்டும் கிடைத்துவிடும். கொப்ரோஸ்டெனாலை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து வரும் விகிதம் 0.7க்கு மேல் போனால் கழிவுநீர் என்று கொள்ளலாம். 0.3க்குக் கீழே இருந்தால் கழிவுநீரின் பங்கு பெரிதாக இல்லை. நடுவில் விழுந்தால் வேறு சாட்சி தேட வேண்டும். அளவை மட்டும் பார்க்கும் பல ஆய்வாளர்கள் உலர்ந்த வண்டல் கிராமுக்கு 500 நானோகிராமை எல்லையாக வைப்பதுண்டு. என் பார்வையில் விகிதமே நம்பகமானது.

கேள்வி: எங்கள் ஆற்றில் ஆடு மாடு நாள் முழுக்க இறங்குகிறது. சாணத்தைக் கழிவுநீர் என்று கணக்குப் போட்டுவிட மாட்டீர்களா?

நியாயமான சந்தேகம். புல் தின்னும் விலங்குகளின் உணவில் தாவர ஸ்டெராலே அதிகம். அதனால் அவற்றின் சாணத்தில் 24-எத்தில் கொப்ரோஸ்டெனால் என்ற வேறொரு பொருள் முன்னால் நிற்கும். அதையும் அளந்து கொப்ரோஸ்டெனாலோடு ஒப்பிட்டால் மாட்டின் பங்கு எவ்வளவு, மனிதனின் பங்கு எவ்வளவு என்று ஓரளவு பிரித்துவிடலாம். தொல்லை கொடுப்பது பன்றிதான், அதன் கழிவிலும் கொப்ரோஸ்டெனால் கணிசமாக உண்டு. பன்றிப் பண்ணை இருக்கும் இடமென்றால் பித்த அமிலங்களையும் பார்க்க வேண்டும். ஹையோடிஆக்சிகோலிக் அமிலம் பன்றியின் தனி அடையாளம்.

கேள்வி: ஆற்றோரம் ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. வருவது சுத்திகரித்த நீரா, அப்படியே திறந்துவிட்ட சாக்கடையா என்று வண்டலைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

முடியும். இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

துணி துவைக்கும் தூளில் லாஸ் என்ற நுரைப்பொருள் இருக்கிறது. அதைத் தயாரிக்கும்போது வினையில் சேராமல் மிஞ்சும் மூலப்பொருள் லேப், அதாவது நேர்ச்சங்கிலி ஆல்கைல்பென்சீன். அது தூளோடு சேர்ந்து சாக்கடைக்குப் போய், கடைசியில் வண்டலில் ஒட்டிக்கொள்கிறது. இயற்கையில் இது உருவாவதில்லை. ஆகவே வண்டலில் இருந்தால் அது மனிதர் புழங்கிய நீரிலிருந்து வந்ததுதான்.

பத்து முதல் பதினான்கு கார்பன் வரை நீளமுள்ள சங்கிலியில் ஒரு பென்சீன் வளையம் தொங்கும். வளையம் சங்கிலியின் ஓரத்தில் இருக்கலாம், நடுவிலும் இருக்கலாம். இப்படி மொத்தம் 26 வகைகள். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் பாக்டீரியா ஓர வகைகளைத்தான் முதலில் தின்னும், நடு வகைகள் மிஞ்சும். பன்னிரண்டு கார்பன் வகைகளை எடுத்து, நடு இரண்டின் கூட்டுத்தொகையை ஓர மூன்றின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பாருங்கள். அப்படியே வந்த சாக்கடையில் இது 1க்குக் கீழே நிற்கும். காற்றூட்டி, நுண்ணுயிர்களை வைத்துச் சுத்திகரித்த நீரில் 2, 3 என்று ஏறிவிடும். கருவியின் திரையில் ஓர வகைகளின் முகடுகள் குட்டையாகிப் போயிருப்பது கண்ணுக்கே தெரியும்.

ஆனால் ஆறே காற்றோட்டமாக இருந்தால் அங்கேயும் இந்தத் தேய்மானம் நடக்கும். எனவே நிலையத்தின் வாய்க்கால், அதற்கு மேற்பக்கம், கீழ்ப்பக்கம் மூன்றையும் ஒப்பிடாமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கொப்ரோஸ்டெனாலின் நெருங்கிய உறவான எபிகொப்ரோஸ்டெனாலையும் சேர்த்துப் பாருங்கள். கழிவுக் கசடு செரிக்கப்படும்போது அது கூடும் என்பதால் இரண்டாவது சாட்சியாகும்.

கேள்வி: இரண்டு இடங்களில் எடுத்தோம். கொப்ரோஸ்டெனால் ஒன்றில் கிராமுக்கு 900 நானோகிராம், இன்னொன்றில் 300. முதல் இடத்துக்கு மேலே உள்ள குழாய்தானே காரணம்?

அவசரப்படாதீர்கள். முதல் இடம் களிமண்ணாகவும் இரண்டாவது மணலாகவும் இருந்ததா? மணலில் இந்தப் பொருள்கள் அவ்வளவாக ஒட்டாது. கணக்குக்காகச் சொல்கிறேன்: முதல் இடத்தில் கரிமக் கார்பன் (மட்கிய பொருளிலுள்ள கார்பன்) 6 சதவீதம், இரண்டாவதில் 1 சதவீதம் என்று வையுங்கள். கிராம் கார்பனுக்கு என்று மாற்றினால் முதலாவது 15 மைக்ரோகிராம், இரண்டாவது 30. குறைவாகத் தெரிந்த இடம்தான் உண்மையில் இரு மடங்கு! கரிமக் கார்பனை அளக்காமல், அல்லது 63 மைக்ரானுக்குக் கீழான நுண் துகளைச் சலித்தெடுக்காமல் இடங்களை ஒப்பிடும் அறிக்கையைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். அதை நம்பி ஊர்க்காரர்கள் தவறான வாசலில் போய் நிற்கிறார்கள்.

கேள்வி: மாதிரி எடுக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

எஃகுக் கரண்டி, கண்ணாடி ஜாடி, மூடிக்கு உள்ளே அலுமினியத் தாள். பிளாஸ்டிக் வேண்டாம். மேல் இரண்டு சென்டிமீட்டர் மட்டும் போதும். நம் தோலில் கொலஸ்ட்ரால் இருக்கிறது, அதனால் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. ஜாடியைச் சோப்புத்தூளால் கழுவிவிட்டு நன்றாக அலசாமல் விட்டால் நீங்கள் தேடும் லேப் உங்கள் ஜாடியிலிருந்தே வரும். கரைப்பானால் அலசுங்கள், காலி ஜாடி ஒன்றையும் களத்துக்குக் கொண்டுபோய்க் கூடவே சோதியுங்கள். அப்புறம் ஐஸ்பெட்டி, ஆய்வகம் போனதும் உறைபெட்டி.

கேள்வி: எத்தனை ஆண்டு பழைய கழிவைக் கண்டுபிடிக்கலாம்?

ஆக்சிஜன் இல்லாத வண்டலில் கொப்ரோஸ்டெனால் நூற்றாண்டுகள் தாண்டியும் நிற்கும். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றின் அருகே பழங்குடியினர் வாழ்ந்த கஹோகியா நகரின் மக்கள்தொகை எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்பதை, பக்கத்து ஏரியின் வண்டலில் உள்ள மல ஸ்டெனால்களை (கொப்ரோஸ்டெனால் போன்றவற்றை) வைத்தே கணித்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக் கதை அது.

சமீப காலத்துக்கு, குழாயை இறக்கி வண்டலைத் தூணாக எடுத்து அடுக்கடுக்காக வெட்டுவோம். 22 ஆண்டு அரை ஆயுள் கொண்ட ஈயம்-210 வயதைச் சொல்லும். அணுகுண்டுச் சோதனைகளால் 1963 வாக்கில் வந்த சீசியம்-137 உச்சம் அதைச் சரிபார்க்கும். சோப்புத்தூளும் ஒரு காலக்கோடு போடுகிறது: 1960களின் நடுவில் அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும் கிளைச்சங்கிலி நுரைப்பொருளை விட்டு நேர்ச்சங்கிலிக்கு மாறினார்கள். கீழடுக்கில் கிளை வகை, மேலடுக்கில் நேர் வகை. ஆனால் ஓடும் ஆற்றின் நடுவில் இதையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், ஒரு வெள்ளம் வந்தால் பத்து ஆண்டுப் படிவு போய்விடும். அணைத்தேக்கம், தேங்கிய கிளைவாய்க்கால், ஏரி ஆகியவைதான் இதற்குத் தோது.

கேள்வி: காஃபீன், மருந்துகளையும் வண்டலில் தேடலாமா?

காஃபீன், செயற்கை இனிப்பான சுக்ரலோஸ், வலிப்பு மருந்தான கார்பமசெபின் மூன்றும் பெரும்பாலும் நீரோடு போய்விடும். அவற்றை நீரிலேயே அளப்பது நல்லது. வண்டலுக்கு ஏற்றவை சோப்பு, ஷாம்பூ வாசனைக்குச் சேர்க்கும் கேலக்சோலைடு, டோனலைடு போன்ற செயற்கைக் கஸ்தூரிகள்.

கேள்வி: தோல் ஆலைக் கழிவையும் இப்படிப் பிடிக்கலாமா?

தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தை அளக்கலாம். ஆனால் சில பாறைகளிலேயே குரோமியம் நிறைய உண்டு. அலுமினியத்தோடு விகிதம் போட்டு, மாசு வராத மேற்பக்க வண்டலோடு ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

கேள்வி: கொப்ரோஸ்டெனால் அதிகம் என்றால் குழந்தைகள் ஆற்றில் இறங்கக் கூடாதா?

கொப்ரோஸ்டெனால் நச்சு என்பதற்காக நாங்கள் அதை அளப்பதில்லை, கழிவு வந்ததற்கான சாட்சியாகத்தான் அளக்கிறோம். கழிவு நின்று பல காலம் ஆன பிறகும் அது வண்டலில் இருக்கும். குளிப்பதற்கு ஈ.கோலை, என்டரோகோக்கஸ் எண்ணிக்கையைப் பாருங்கள். அடிச்சேற்றில் கிருமிகள் தண்ணீரைவிட அதிக நாள் தாங்கும், காலால் கலக்கினால் மேலே வரும். சாக்கடை சேரும் இடத்துக்குக் கீழே குழந்தைகளை விட வேண்டாம், அம்மா.

கேள்வி: எங்களிடம் ஆய்வகம் இல்லை. நாங்களே செய்ய ஏதாவது வழி?

ஒன்று இருக்கிறது. சோப்புத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் ஒளிர்பொருள் பருத்தியில் ஒட்டும், புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். வெளுக்காத, ஒளிர்பொருள் இல்லாத பருத்தித் துண்டை (முதலில் விளக்கில் காட்டி ஒளிரவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்) கம்பி வலைக்குள் வைத்து, மழைநீர் வடிகாலின் வாயில் கட்டிவிடுங்கள். சில நாள் கழித்து எடுத்து அலசி, காயவைத்து, இருட்டறையில் விளக்கைக் காட்டுங்கள். மழை இல்லாத நாளிலும் நீலமாக ஒளிர்ந்தால் வீட்டுக் கழிவுநீர் அந்த வடிகாலில் இணைந்திருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து வடிகாலின் ஒவ்வொரு மூடியிலும் ஒரு துண்டு என்று மேலே மேலே போங்கள். எந்த மூடியில் ஒளிர்வது நிற்கிறதோ, அதற்கும் அதன் கீழ்மூடிக்கும் நடுவில் தேடுங்கள். தேதி, இடம், படம் மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு, அந்த வடிகால் ஆற்றில் சேரும் இடத்து வண்டலைத்தான் முதலில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.